மாமனாரின் தொடை ஏன் வற்றுகிறது?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 66. குடியாத்தத்தில் நாற்பது வருடம் கைலித் தறியில் உட்கார்ந்தவர். பீடிப் பழக்கம் இருந்தது. நோய் தெரிந்த பிறகு விட்டுவிட்டார். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஐந்து மாதங்களுக்கு முன் நுரையீரல் புற்றுநோய் என்றும், மூன்றாம் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்கள். வேலூரில் கீமோதெரபி நடக்கிறது, மூன்று முறை முடிந்திருக்கிறது. 61 கிலோ இருந்தவர் இப்போது 54 கிலோ. வயிறு அப்படியே இருக்கிறது; தொடையும் புஜமும்தான் வற்றிவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்குக் கஞ்சி, மதியம் ரசம் சாதம், மாலையில் டீ, பிஸ்கட், இரவு மறுபடி இட்லி தருகிறேன். பால், முட்டை, கறி எல்லாம் புற்றை வளர்க்கும் என்று உறவினர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டோம். "நீ சரியாகச் சமைத்துப் போடாததால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார்" என்கிறார் நாத்தனார். யாருக்கு இப்படித் தசை குறையும்? இது என் சமையலால் வந்ததா? இன்னொன்று: ஒரு மாதமாக ஆம்பூர் பிரியாணி வேண்டும் என்று கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: உணவியல் ஆலோசகர், வேலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பிரியாணியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனார் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். உங்கள் மாமனார் இளைத்ததில் பெரும்பங்கு நோயினுடையது. அடுத்த பங்கு வயது, பீடி, சர்க்கரை, மருந்து, படுக்கை ஆகியவற்றுடையது. உணவுக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அது நீங்கள் சமைத்துப் போட்டதால் வந்ததல்ல, மற்றவர்கள் பேச்சைக் கேட்டுச் சமைக்காமல் நிறுத்தியதால் வந்தது. இந்தக் கடிதத்தை நாத்தனாருக்கும் படிக்கக் கொடுங்கள்.

"சாப்பிட்டும் ஏன் இளைக்கிறார்?" என்ற கேள்வியைப் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாதாரணப் பட்டினியில் உடம்பு சிக்கனமாக நடந்துகொள்ளும். கொழுப்பைக் கரைத்துச் செலவு பார்க்கும், தசையை முடிந்தவரை பொத்திப் பாதுகாக்கும். புற்றுநோய் வந்த உடம்பில் இந்தச் சிக்கனம் கெட்டுவிடுகிறது. கட்டியும், அதை எதிர்க்கும் நம் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து உடம்பு முழுவதும் ஓர் அழற்சியை மூட்டிவிடுகின்றன. வெளியே காய்ச்சல் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அந்த அழற்சிப் பொருட்கள் மூளைக்குப் போய்ப் பசியை அடக்குகின்றன, தசைக்குப் போய் அதன் புரதத்தை உடைக்கச் சொல்கின்றன. உடைந்த புரதத்தை எடுத்துக் கல்லீரல் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. தறி வீட்டு மருமகளுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: இந்தப் பக்கம் நெய்யும்போதே அந்தப் பக்கம் ஒருவர் இழையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நெய்கிறவரை மட்டும் திட்டி என்ன பயன்? ரத்தப் பரிசோதனைத் தாளில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற எண் கூடியும், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தும் இருந்தால், பிரிக்கிறவர் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று பொருள்.

தசை குறைவதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். 1980களின் இறுதியில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கினார்கள். சதையின் வறுமை என்று தமிழில் சொல்லலாம். புற்றுநோயோடு சேர்ந்து பசியும் எடையும் தசையும் ஒன்றாகப் போனால் அதைக் கெக்கெக்சியா என்கிறார்கள். 2011-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி, ஆறு மாதத்திற்குள் தானாக ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அந்தக் கணக்கில் சேரும். 61 கிலோவில் ஐந்து சதவீதம் மூன்று கிலோ. உங்கள் மாமனார் இழந்தது ஏழு. மூன்றாவது கிலோ போன அன்றே யாராவது எச்சரித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து எழுதுகிறோம். முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமிருப்பதில்லை.

யாருக்கு இப்படி ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் படித்தேன், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நுரையீரல் என்பதே முதல் கோடு. கணையம், இரைப்பை, உணவுக்குழாய் ஆகியவற்றோடு நுரையீரல் புற்றும் தசையை அதிகம் தின்னும் வகையைச் சேர்ந்தது. முற்றிய நிலையில் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, முதல் ஊசி போடும் முன்பே தசை குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நோயின் கட்டம் ஏற ஏற இதுவும் ஏறும். ஆண்களிடம் அதிகம். வயது 66 என்பதற்கு ஒரு கோடு: நாற்பதைத் தாண்டினாலே எல்லோருக்கும் தசை மெல்லக் கரையத் தொடங்கும், அறுபதுக்கு மேல் வேகமெடுக்கும். ஆக, நோய் வருவதற்கு முன்பே கையிருப்பு குறைவு.

பீடிக்கு இரண்டு கோடு போட்டேன். நம் பக்கத்தில் பீடி சுற்றுகிற வீடுகள் அதிகம் என்பதால், சிகரெட்டைவிடப் பீடி பரவாயில்லை என்ற நம்பிக்கையும் அதிகம். அதில் உண்மையில்லை. புகை புற்றைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை, நுரையீரலின் காற்றுக்குழாய்களையும் நாட்பட நாட்படச் சுருக்குகிறது. சிறிது நடந்தாலே இரைக்கிறவருக்கு மூச்சு விடுவதே ஒரு கூலி வேலை. சாப்பிடுவதில் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும். இரைப்பதால் நடப்பதில்லை, நடக்காததால் தொடை வற்றுகிறது, தொடை வற்றியதால் இன்னும் சீக்கிரம் இரைக்கிறது. முன்பு காசநோய் வந்து நுரையீரலில் தழும்பு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். எலும்புருக்கி என்று காசநோய்க்கு முன்னோர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை.

சர்க்கரைக்கு அடுத்த கோடு. இன்சுலின் என்பது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்றே நினைக்கிறோம். தசையைக் கட்டவும் காக்கவும் அது வேண்டும். அது சரியாக வேலை செய்யாத உடம்பில் தசை எளிதில் கரையும். அதோடு, எட்டு வருடமாக "இது கூடாது, அது கூடாது" என்று கேட்டுப் பழகியவருக்குப் புற்றுநோய் வந்ததும் இன்னொரு "கூடாது" பட்டியல் சேர்ந்துவிடுகிறது. இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஒட்டினால் மிஞ்சுவது ரசம் சாதம்தான்.

மருந்துகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீமோவின்போது வாந்தி வராமலிருக்க ஸ்டீராய்டு தருவார்கள். இரண்டு மூன்று நாள் என்றால் பெரிய பாதிப்பில்லை. இரைப்புக்காகவோ, மூளைக்கு நோய் பரவியதால் வீக்கம் குறையவோ வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது தொடை, இடுப்புத் தசைகளைத்தான் முதலில் பிடிக்கும். வயிறு அப்படியே இருக்க, தரையிலிருந்து எழ முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள், டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்று இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. வயிறு பெருத்துக்கொண்டே போனாலோ கால் வீங்கினாலோ அது நீராகவும் இருக்கலாம். எடைக் கருவி அதையும் சேர்த்தே எடை போடும் என்பதால் உண்மையான இழப்பு ஏழு கிலோவுக்கு மேலும் இருக்கக்கூடும்.

எடையை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் வந்தார். 82 கிலோ, தொந்தி, சிரித்த முகம். மெலிந்தவர்கள் வரிசையாகக் காத்திருந்ததால் "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாவது கீமோவிலேயே துவண்டுவிட்டார். பிறகு அவருடைய பழைய சி.டி. ஸ்கேனை எடுத்துக் காட்டினார்கள்: கொழுப்புக்கு நடுவே தசை மெல்லிய பட்டையாக இருந்தது. வயிற்றையும் சேர்த்து எடுத்த ஸ்கேன் என்றால், இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்துவிடலாம். கட்டியைப் பார்ப்பதற்காக எடுத்த அதே படம்தான், தனிச் செலவில்லை. கேட்டால்தான் பார்ப்பார்கள். அன்றிலிருந்து குண்டானவர்களையும் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்கிறேன்.

இதெல்லாம் தோற்றத்தைப் பற்றிய கவலை இல்லை. கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரமும் எடையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். தசை வற்றிய உடம்பில் அதே அளவு கூடுதலாகத் தாக்கும். வாந்தி, வெள்ளணுக் குறைவு, தொற்று எல்லாம் அதிகமாகி அடுத்த தவணை தள்ளிப்போகும். கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்துக்குச் சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட்டு அளவு வைப்பார்கள், அதற்கு ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே இல்லாதவருக்கு அது குறைவாகத்தான் காட்டும், சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்வதுபோலத் தோன்றும், மருந்தின் அளவு தேவைக்கு மேல் போய்விடலாம். எனவே "இவருக்குத் தசை மிகவும் குறைந்திருக்கிறது" என்ற தகவல் மருத்துவரின் காதில் விழ வேண்டும்.

வீட்டிலேயே அளக்க இரண்டு வழி சொல்கிறேன். தையல் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றுங்கள். நம் ஆசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 33-க்குக் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய் சொல்லும். இன்னொன்று, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பன்னிரண்டு விநாடி அல்லது அதற்கு மேல் பிடித்தாலோ, முடியவே இல்லை என்றாலோ, கால் தசை பலவீனம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் குறைந்தது ஒரு கிராம் புரதம், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை வேண்டும். 54 கிலோவுக்கு 65 கிராமைக் குறியாக வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிய நாலு இட்லி, கஞ்சி, ரசம் சாதம், பிஸ்கட்டைக் கூட்டிப் பார்த்தேன்: ஏறக்குறைய 20 கிராம்தான் தேறுகிறது, தேவையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம். இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் 12 கிராம். கைப்பிடி வேர்க்கடலை, அதாவது நம் பக்கத்து மல்லாட்டை, 7 கிராம். பல்லுக்குக் கடினமென்றால் வேகவைத்தோ, வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்தோ கொடுங்கள். ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் 7 கிராம். மீனோ கோழியோ நாலு சின்னத் துண்டு 15 கிராம். கணக்கு நிறைந்துவிட்டது. கேழ்வரகுக் களி பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கீரையோடு நிறுத்தாமல் காராமணியோ மொச்சையோ போட்ட குழம்பு ஊற்றுங்கள். சத்துமாவு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் தானியம்தான் இருக்கும், பொட்டுக்கடலையும் மல்லாட்டையும் கூடுதலாகப் போட்டு வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லியிருந்தால் மட்டும் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பால், முட்டை, கறி புற்றை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்பதும் தவறு. கட்டி தனக்கு வேண்டியதை உங்கள் மாமனாரின் தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளும். "உடம்புக்குச் சூடு" என்று முட்டையைத் தள்ளிவைக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, மோரோடு சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் மாத்திரையை மாற்ற வழியிருக்கிறது. அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள்.

சாப்பிட முடியாததற்குச் சின்னக் காரணங்களும் இருக்கும். வாய்ப்புண், மலச்சிக்கல், வலி, எல்லாமே இரும்புச் சுவையாகத் தெரிவது. இளைத்தால் ஈறும் சுருங்கும், பல்செட் ஆடும்; வெட்கப்பட்டுச் சொல்லாமல் "பசியில்லை" என்பார்கள். மனம் உடைந்து போனவரும் அதையேதான் சொல்வார். மூன்று வேளையை ஆறாகப் பிரித்து, பசி நன்றாக இருக்கும் நேரத்தில், பெரும்பாலும் காலையில், சத்தானதைக் கொடுங்கள்.

மருத்துவமனைக்கு வரும் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை இருக்குமோ என்று வெறும் வயிறு. டோக்கன், வரிசை, ஸ்கேன், மறுபடி வரிசை. மதியம் இரண்டு மணிக்கு ஒரு டீ, ஒரு பன். மே மாத வேலூர் வெயிலில் திரும்பிப் போய்ப் படுத்தால் இரவும் சாப்பாடு இல்லை. மூன்று வாரத்தில் இப்படி மூன்று நாள் போனாலே எத்தனை வேளை போயிற்று என்று பாருங்கள். எல்லாப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவசியம் என்றால் ரத்தம் கொடுத்த உடனே சாப்பிட இரண்டு வேகவைத்த முட்டையும் பிளாஸ்கில் பால் கஞ்சியும் பையில் இருக்கட்டும்.

படுக்கைக்கு வருகிறேன். "நீங்கள் எழுந்திருக்காதீர்கள் மாமா, நான் கொண்டு வருகிறேன்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. புரதம் செங்கல் என்றால் அசைவுதான் கொத்தனார். செங்கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கொத்தனாரை வேண்டாம் என்றால் சுவர் எழும்பாது. அந்த நாற்காலிப் பயிற்சியையே ஐந்து முறை வீதம் நாளைக்கு மூன்று வேளை செய்யட்டும், முதலில் கையை ஊன்றிக்கொண்டு. வெயிலுக்கு முன் காலை ஆறரைக்குத் தெருமுனை வரை நடக்கட்டும். எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா என்று கேட்ட பிறகே தொடங்க வேண்டும். காய்ச்சல், தலைசுற்றல், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல் இருந்தால் அன்று வேண்டாம். வேலூருக்கு வந்துபோக முடியாதென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பசிக்கு மருந்து உண்டா என்றும் கேட்கத் தோன்றும். பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரில் நுரையீரல், இரைப்பை முதலான புற்றுநோயாளிகளுக்குக் கீமோவோடு ஓலான்ஸபின் 2.5 மில்லிகிராம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவில், அதைச் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியது, சாப்பிடாதவர்களில் அது 9 சதவீதம்தான். மனநோய்க்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அளவு மிகச் சிறியது. ஆனால் தூக்கம் வரும், சர்க்கரையையும் கூட்டலாம். உங்கள் மாமனாருக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மெஜஸ்ட்ரால் என்ற மருந்தும் பசியைத் தூண்டும், ஆனால் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. கடையில் டானிக் கேட்டு வாங்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இத்தனையும் செய்தாலும் பழைய 61 கிலோ திரும்பும் என்று என்னால் வாக்களிக்க முடியாது. 54-இல் நிறுத்திப் பிடித்தாலே, தானாக எழுந்து கழிவறைக்குப் போய்வந்தாலே அது வெற்றி. நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் கட்டம் வந்தால் வற்புறுத்தி ஊட்டுவதால் தசை ஏறாது, அவருக்கு வேதனைதான். அந்தக் கட்டம் வந்துவிட்டதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இன்னும் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. பிரியாணி கேட்கிறவர் ஆயிற்றே.

ஆமாம், பிரியாணி. கொடுங்கள். கீமோ முடிந்து ஒன்று, இரண்டு வாரம் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது கடைப் பொட்டலம் வேண்டாம். அடுத்த தவணைக்கு முன்னால் உள்ள வாரத்தில், சீரகச் சம்பா வாங்கி வீட்டிலேயே தம் போட்டு, சுடச்சுட ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். காரம் பாதி, எண்ணெய்க் கத்திரிக்காய் அவர் கேட்டால் ஒரு கரண்டி, சோறு கொஞ்சம், கறி நிறைய. அன்றைக்கு நாத்தனாரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.